பால்மா டின் கட்டிய கதவு

பிள்ளையை நம்பி விட்டுவிட்டு வேலைக்குப் போக நல்ல இடம் எது என்று என்னிடம் கேட்பவர்கள் இப்போது நிறையப் பேர். நானும் தயங்காமல் சொல்வேன். இந்த விஷயத்தில் எனக்கு ஏழு வயதிலிருந்தே அனுபவம் உண்டு. அந்த வயதில் நான் சொன்ன தீர்ப்பு முழுக்கப் பிழை என்பது வேறு கதை.

உம்மாவுக்கு அப்போது புத்தளத்தில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. முதலாம் திகதி போய்ச் சேர வேண்டும். தம்பிக்கு மூன்று வயது. வாப்பா விடியமுன் கடலுக்குப் போனால் பகல் கழிந்துதான் கரைக்கு வருவார். அவர் ஒரே பேச்சில் சொல்லிவிட்டார்: "நல்ல இடம் கிடைச்சாப் போ. பிள்ளைக்கு ஏதும் ஒண்டு எண்டா அண்டைக்கே வேலையை விட்டுரணும்." உம்மா "ஓம்" என்றார். வேலைக் கடிதத்தை அவர் அலுமாரியில், குர்ஆன் இருக்கும் தட்டில் வைத்திருந்தார்.

எனக்குப் பள்ளிக்கூட லீவு. தம்பி அழாமல் பழகுவதற்காக, பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நாள் என்னையும் அவனோடு விடுவதென்று ஏற்பாடு. "நல்லாப் பார்த்துட்டு வந்து சொல்லணும் மகள்" என்றார் உம்மா. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்வி அதிகாரி மாதிரிப் போனேன்.

முதல் நேர்சரியைப் பார்த்ததுமே மனம் அதில் விழுந்துவிட்டது. சுவரெல்லாம் யானையும் வாத்தும். சறுக்கு, ஊஞ்சல், பெட்டி நிறையக் கலர் பென்சில். டவுனில் படிவம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உம்மா போனார். பாட்டு முடிந்ததும் டீச்சர்மார் இரண்டு பேரும் பின்பக்கம் ஊர்க்கதையில் இறங்கிவிட்டார்கள். வாசல் கதவு திறந்தே கிடந்தது. அடுத்த வீட்டு வளவைத் தாண்டினால் களப்புத் தண்ணீர். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அப்படி ஒரு காலைப்பொழுது அதன் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. நண்டுக் குஞ்சு துரத்தினோம். தம்பி தண்ணீருக்குள் உட்கார்ந்து கைதட்டினான். கொஞ்சம் தள்ளி, கரையேற்றிய வள்ளங்களுக்குப் பின்னால், யாரோ ஒரு பெண் கறுப்புக் குடையைத் தாழ்த்திப் பிடித்தபடி நின்றிருந்தார். தம்பி எழுந்து ஆழத்தின் பக்கம் நாலு எட்டு வைத்ததும் குடை விறுவிறுவென்று எங்களை நோக்கி வந்தது. கோள்மூட்டி ஒருத்தி என்று பயந்து அவனை இழுத்துக்கொண்டு ஓடினேன். நாங்கள் உள்ளே நுழைந்தபோதும் டீச்சர்மாரின் கதை முடிந்திருக்கவில்லை.

அன்று மாலை வாப்பாவுக்கு முன்னால் அறிக்கை வாசித்தேன். யானை, வாத்து, சறுக்கு, ஒன்றும் விடவில்லை. களப்பை மட்டும் விட்டுவிட்டேன்.

"தம்பிட கால்சட்டை ஏன் ஈரம்?" என்றார் உம்மா.

"தண்ணிப் போத்தல் கொட்டிட்டு."

"அப்படியா" என்றார். ஈரக் கால்சட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். வாப்பாவுக்குப் பெரிய திருப்தி. அங்கேயே விடலாம் என்றார்.

இன்னொன்றையும் பார்த்துவிடுவோம் என்று மறுநாள் உம்மா கூட்டிப்போனது கரைத்தீவில் ஒரு டீச்சரின் வீட்டுக்கு. தகரக் கூரை. சறுக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பிள்ளைகள் நிலத்தில் உட்கார்ந்து சிரட்டைகளில் சிப்பி பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மெல்ல எழுந்து வாசல் கதவில் கை வைத்தேன். சளசளவென்று ஒரு சத்தம். கதவில் ஒரு பழைய பால்மா டின்னைக் கட்டி அதற்குள்ளும் சிப்பி போட்டு வைத்திருந்தார்கள். இடுப்பில் ஒரு பிள்ளையோடு டீச்சர் வந்து நின்றார்.

"எங்க மகள் பயணம்?"

மூன்று தரம் முயன்றேன், மூன்று தரமும் பிடிபட்டேன். கடைசியில் என்னைப் பக்கத்தில் இருத்தித் தலைகளை எண்ணச் சொன்னார். பத்து என்றேன். "தம்பியையும் சேர்த்தா?" என்று கேட்டார். திரும்ப எண்ணினேன், பதினொன்று. பகல் முழுக்க இதே வேலை.

அது நேர்சரியில்லை, மறியல் வீடு, சுத்த ஜெயில் என்று வீட்டில் வந்து சொன்னேன். உம்மா தம்பியை அங்கேதான் சேர்த்தார். ஏன் என்று வாப்பா கேட்டதற்கு, "அந்த டீச்சர்ட கை சுத்தம்" என்று மட்டும் சொன்னார். பிறகு என்னை எதற்குக் கேட்க வேண்டும்? அன்று சோறு வேண்டாம் என்று கோபித்துக்கொண்டு படுத்தேன். உம்மா முதலாம் திகதி வேலைக்குப் போனார். பதினெட்டு வருஷம் போனார்.

போன கிழமை என் மகனை முதல் நாள் ஒரு நேர்சரியில் விட்டேன். விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் மதிலோரமாகக் குடையைத் தாழ்த்திப் பிடித்தபடி நின்றேன். அரை மணித்தியாலம் போயிருக்கும். என் கையில் இருந்த குடையைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது, அழுகையும் வந்தது. களப்பில் கண்டதை உம்மா வாப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருடைய வேலை அன்றோடு போயிருக்கும், என் முதுகும் வீங்கியிருக்கும். இன்றுவரை என்னிடம்கூட அவர் சொன்னதில்லை.

முதல் நேர்சரிக்குப் போய்வந்த அன்று பின்னேரம், உம்மா கிணற்றடியில் குந்தி அபாயா அங்கியின் விளிம்பை நெடுநேரம் தேய்த்துக் கழுவினார். டவுன் வழியெல்லாம் சேறு என்றார். மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. கோப்பையால் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டே, அந்தச் சறுக்கு எவ்வளவு உயரம் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.