அந்தக் கப்பலில் தாத்தா

அத்தை என்னைப் பொந்தியானுக்கு அழைத்துப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பத்து பாகாட் தையல் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த மலாய்க்காரப் பெண்ணின் தகப்பனார், போர்க்காலத்தில் தாத்தாவோடு ஒரே கப்பலில் இருந்தவராம். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து அத்தைக்குச் சோறு இறங்கவில்லை.

கப்பல் என்றால் பெரிதாக நினைக்கக் கூடாது. சீனத்து ஆற்றில் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த நீராவிக் கப்பல். சண்டை வந்ததும் சாம்பல் வண்ணம் அடித்து, முன்னால் ஒரு பீரங்கியை வைத்து, போர்க்கப்பல் என்று கடலுக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் கரி அள்ளிப் போடப் போன தாத்தா திரும்பவே இல்லை. அத்தை அப்போது சின்னப் பிள்ளை. அப்பா இன்னும் பிறக்கவில்லை.

பெரியவர் மலாயில் நன்றாகவே கதை சொன்னார். தலைக்கு மேல் விமானங்கள், குண்டு, புகை. பிறகு ஒரு நாள் நடுக்கடலில் எதிரியின் பெரிய கப்பல்கள் வரிசையாக எதிரே வந்தனவாம். இவர்களுடைய கப்பல் திரும்பி ஓடவில்லை. நேராக அவற்றை நோக்கியே போனதாம். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

"போதும், பாக்சிக்," என்று அத்தை அவரை நிறுத்தினார். "அன்னிக்குக் காலையில எங்கப்பா சாப்பிட்டாரா?"

பெரியவர் சற்று யோசித்தார். "சாப்பிட்டார். சோறும் கருவாடும். உப்பு கரிக்குதுன்னு சமையல்காரனோட ஒரே சண்டை."

அத்தை சத்தமாகச் சிரித்தார். "அவரேதான்," என்று என்னிடம் தமிழில் சொன்னார். உடனே எழுந்து விடைபெற்றுக்கொண்டார்.

பஸ்ஸில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அலமாக், அத்தை! அப்புறம் என்னாச்சுன்னு கேக்கவே இல்லையே லா!"

"இன்னொரு நாள் கேக்கலாம்," என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மறுபடி அங்கே போகவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் ஓடினேன். அத்தை முக்கியமானதைக் கேட்க மறந்துவிட்டார் என்று புகார் சொன்னேன். அப்பா மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தவர், குழாயை அடைத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். நான் பீரங்கியைப் பற்றி ஆரம்பித்தேன். அவரோ, "சண்டை போட்டுட்டுச் சாப்பிட்டாரா, அப்படியே வச்சிட்டாரா?" என்று கேட்டார். சமையல்காரனை என்ன சொல்லித் திட்டினாராம் என்றார். மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

பெரியவர்களுக்குச் சண்டைக் கதை கேட்கவே தெரியவில்லை என்று எனக்கு ஒரே எரிச்சல்.