டேங்க் என்று பேர் வாங்கிய க்ளைவ்

க்ளைவ் ப்ரென்டகாஸ்ட் என்று சொன்னால் எங்கள் வாரிபின் ஊரில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்றே தெரியாது. டேங்க் என்று சொல்ல வேண்டும். பார்க்க ஒடிசலான ஆள்தான். எவ்வளவு ஊற்றினாலும் நிரம்ப மாட்டான் என்பதால் வந்த பெயர் அது. ஊர்க் கவுன்சிலில், அடியில் பிளேடு வைத்த கிரேடர் வண்டி ஓட்டுவது அவன் வேலை. கோதுமை வயல்களுக்கு நடுவே ஓடும் மண் சாலையை அவன் ஒருமுறை வழித்துச் சமன் செய்துவிட்டால், மடியில் டீக்கோப்பையை வைத்துக்கொண்டு கார் ஓட்டலாம். ஆனால் ஊர் அவனைக் கொண்டாடியது அதற்காக அல்ல.

சனிக்கிழமை மேட்ச் முடிந்து கால்பந்து கிளப்பில் கூடுவோம். பொழுது சாயும்போது ஒருவன் அழுவான், ஒருவன் மச்சினனோடு சண்டை பிடிப்பான், ஒருவன் செருப்பைத் தேடுவான். டேங்க் மட்டும் கவுன்டரில் சாயாமல் நேராக நிற்பான். கிளப் தலைவர் வார்விக் அவன் தோளில் கையைப் போட்டு எங்களுக்குக் காட்டுவார். "பாத்துக்கங்கடா, இவன்தான் ஆம்பளை. இவனுக்கு ஏறவே ஏறாது." ஒரு வருஷம் ஆண்டு விழாவில் 'அசையாத மனிதர்' என்று விருதுகூடக் கொடுத்தோம். விருது பீர் ஜாடி வடிவத்தில் இருந்தது. மேடையிலேயே அதை நிரப்பியும் கொடுத்தோம்.

அவன் மனைவி நோலீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். மேடைக்குக் கீழே நடந்தது அவளுக்குத்தான் தெரியும். காலையில் அவன் கை நடுங்கும். ஒரு டின் பீர் உள்ளே போனால் நின்றுவிடும். கிரேடரின் அதிர்வு கையில் தங்கிவிட்டது என்பான். பாதம் மரத்துப்போனதற்குப் புது பூட்ஸைத் திட்டினான். சாப்பாடு இறங்காததற்கு அவள் சமையலைச் சொன்னான். முதல் இரண்டையும் பொறுத்துக்கொண்ட நோலீன், மூன்றாவதற்கு மட்டும் ஒரு வாரம் பேசாமல் இருந்தாள்.

போன மழைக்காலத்தில் கிரேடரிலிருந்து இறங்கும்போது தரை எங்கே இருக்கிறது என்று அவன் பாதம் அவனுக்குச் சொல்லவில்லை. கணுக்கால் உடைந்தது. மாவட்ட ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குடிப்பீர்களா என்று நர்ஸ் கேட்டதற்கு, "எல்லாரையும் போலத்தான்" என்றான். எங்கள் ஊரை வைத்துப் பார்த்தால் அது சத்தியமான வார்த்தை. நர்ஸ் வெளியூர்க்காரி. 'எப்போதாவது' என்று எழுதிக்கொண்டாள்.

மறுநாளே வலிப்பு வந்தது. அதற்கடுத்த நாள் வேர்வை ஊற்ற ஊற்ற எழுந்து உட்கார்ந்து, கட்டில் கம்பியை ஸ்டீயரிங்காகப் பிடித்து வார்டைச் சமன்படுத்த ஆரம்பித்துவிட்டான். அவன் கண்ணுக்கு மட்டும் வழியெல்லாம் ஆடுகள். "ஆட்டையெல்லாம் ஓரங்கட்டும்மா, பிளேடு எறக்கியிருக்கேன்" என்று நர்ஸிடம் மரியாதையாகத்தான் சொன்னான். திராட்சைப் பைக்கு அடியில் இரண்டு டின்னை ஒளித்துக்கொண்டு பார்க்க வந்திருந்த வார்விக், ஒரு நிமிஷம் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்துவிட்டார்.

டாக்டரம்மா கெரின்ஸ் நோலீனையும் வார்விக்கையும் வராந்தாவில் உட்காரவைத்து விளக்கினார். மது மூளைக்குப் பிரேக் மாதிரி. தினமும் பிரேக்கை மிதித்தால், விழித்திருப்பதற்காக மூளை ஆக்ஸிலரேட்டரை அழுத்தப் பழகிக்கொள்ளும். வருஷக்கணக்காக இரண்டும் சேர்ந்தே அழுந்தியிருக்கும். வண்டி சீராக ஓடுவதுபோலத் தெரியும். திடீரென்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் என்ன ஆகும்? அதுதான் வார்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பாதம் மரத்தது நரம்பு கெட்டதால். ஈரலும் வீங்கியிருந்தது.

வார்விக்குக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் ஒரு நாள்கூடத் தள்ளாடினதில்ல டாக்டர்."

"அதைத்தான் சொல்றேன். தள்ளாடாததுதான் நோயே. நீங்க அதுக்கு விருது குடுத்திருக்கீங்க."

மருந்து கொடுத்து மெல்ல மெல்ல அடக்கினார்கள். ஊசி ஊசியாக வைட்டமின் ஏற்றினார்கள். ஆடுகள் போய்விட்டன. வலிப்பு வந்ததால் லைசென்ஸும் கொஞ்ச காலத்துக்குப் போய்விட்டது. கவுன்சில் அவனைக் குப்பைக்கிடங்கு வாசலில் உட்காரவைத்தது.

நண்பனுக்கு ஒரு கஷ்டம் என்றால் எங்கள் ஊர் சும்மா இருக்காது. 'டேங்குக்குக் கைகொடுப்போம்' என்று கிளப்பில் பீர் விழா நடத்தினோம். அவன் குடும்பத்துக்காக அவ்வளவு பேர் குடித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குலுக்கலில் முதல் பரிசு ஒரு தள்ளுவண்டி நிறைய பீர். மரியாதைக்கு ஒரு சீட்டு வாங்கிய நோலீனுக்கே அது விழுந்தது. கைதட்டல் பாதியில் நின்றது. அவள் மேடையேறி மைக்கை வாங்கினாள்.

"டேங்கைக் காலி பண்ணியாச்சு, வார்விக். மறுபடி நெரப்பப் பாக்காதீங்க."

வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். விடிவதற்குள் அது காலி.

டேங்க் ஒரேயடியாகத் திருந்தினான் என்று சொன்னால் பொய். கோடையில் ஒருமுறை வழுக்கி மறுபடி குடித்தான். நோலீன் திட்டாமல் பஸ்ஸில் ஏற்றி நேராக ஆஸ்பத்திரியில் இறக்கினாள். பஸ்ஸில் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த வெட்கம் மருந்தைவிட வேலை செய்தது என்று பிறகு அவனே சொன்னான்.

அதற்கப்புறம் எலுமிச்சை ஜூஸோடு கிளப்பில் நிற்பான். இப்போதும் நேராகத்தான் நிற்பான், ஆனால் யாரும் அவனைப் பெருமையாகச் சுட்டிக்காட்டவில்லை. அவன் ஒன்றும் கேட்காமலேயே ஒவ்வொருவரும் பக்கத்தில் வந்து தாங்கள் எவ்வளவு கம்மியாகக் குடிக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு பக்கத்தில் வருவதையே நிறுத்தினார்கள். நானும்தான். மூன்றாவது கிளாஸை அவன் கண்முன் எடுக்க என்னவோபோல் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் குப்பைக்கிடங்குக்கு வார்விக் வந்தார். காரில் குப்பை ஒன்றும் இல்லை. மழையைப் பற்றிப் பேசினார், கோதுமையைப் பற்றிப் பேசினார். கைகளைப் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்.

"ஏன் க்ளைவ், அந்த ஆடு... எல்லாம் ஒரேயடியா வருமா, ஒண்ணு ரெண்டா வருமா?"

க்ளைவ் என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. டேங்க் சிரிக்கவில்லை.

"நீயா வீராப்பா நிறுத்திராத, வார்விக். அது ஆளையே கொன்னுரும். டாக்டர்கிட்ட சொல்லிட்டு நிறுத்து. நானும் வரேன்."

டாக்டரம்மா கெரின்ஸிடம் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று வார்விக் பிடிவாதம் பிடித்தார். அதனால் மலைக்கு அந்தப் பக்கம், யாருக்கும் எங்களைத் தெரியாத ஊரில் ஒரு கிளினிக்குக்கு நோலீன்தான் இரண்டு பேரையும் காரில் கூட்டிப்போனாள். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வார்விக் உள்ளே நுழைந்தார்.

காத்திருக்கும் அறையில் கிளப் பொருளாளர் ஒரு டிராக்டர் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.