பின் சந்தில் கொட்டிய நாடா

ஒரு பசு மாடு என்னால் செத்தது. அதைவிட மோசமானது, அது என்னால்தான் செத்தது என்று தெரிந்த பிறகும் அதன் சொந்தக்காரியிடம் நான் காரணமில்லை என்று சொன்னது. நான் படித்தவன், அனல்மின் நிலையத்தின் கொதிகலன் பிரிவில் பொறியாளராகக் காலம் தள்ளியவன். என் பேச்சுத் திறமையை எல்லாம் ஒரு பால்காரப் பெண்ணின் வாயை அடைக்கப் பயன்படுத்தினேன்.

நான் ஓய்வு பெற்ற சமயம் அது. நெய்வேலி நகரியத்தில் வேலை முடிந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும். எந்த வீடு காலியாகிறது என்பதைப் பின் சந்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். உடைந்த நாற்காலி, பழைய மெத்தை, காறல் அடித்த ஊறுகாய், வண்டு விழுந்த பருப்பு எல்லாம் அங்கே குவியும். நகரியத்துக் குப்பை லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். லாரிக்கு முன்னால் மாடுகள் வந்துவிடும்.

எங்கள் வீட்டில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய கேசட்டுகள் இருந்தன. என் மனைவி சேர்த்தவை. கல்யாணமான புதிதில் கடைத்தெருவில் பிடித்த பாட்டுகளைச் சொல்லிப் பதிவு செய்து வாங்கியவையும் அவற்றில் இருந்தன. அப்போது நான் கைப்பேசியில் பாட்டுக் கேட்கப் பழகியிருந்தேன். பிளாஸ்டிக் பற்றி எங்கே எதைப் படித்தாலும் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன்.

"இந்த ஃபோன்ல உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கு. ஒரு பொட்டு குப்பை கிடையாது. இந்த டப்பாவையெல்லாம் புது வீட்டுக்கும் சுமக்கணுமா?" என்றேன்.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே. உங்ககிட்ட சோறா கேக்குது?" என்றாள்.

நான் கேட்கவில்லை. பழைய சாமான் வாங்குகிறவரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு கேசட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரிப்பனோட வேணாம் சார். ஒடச்சி டப்பாவ மட்டும் தனியா குடுங்க. ரிப்பன எவனும் வாங்க மாட்டான்" என்றார்.

அன்று பிற்பகல் முழுக்கக் கொல்லையில் உட்கார்ந்து சுத்தியலால் உடைத்தேன். பிளாஸ்டிக் மறுபடி உருக்கிப் பயன்படப் போகிறது என்பதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. உருவி எடுத்த நாடா பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன வைக்கோல் போர் அளவுக்குச் சேர்ந்தது. அதைப் பின் சந்தில் கொட்டினேன். சமையலறையைக் காலி செய்தபோது கிடைத்த பூச்சி விழுந்த அரிசி மாவையும் கசிந்துபோன வெல்லத்தையும் அதன் மேலேயே கொட்டினேன். வைக்கோலும் தவிடும் தின்கிற மாட்டின் கண்ணுக்கு அந்தக் குவியல் என்னவாகத் தெரியும் என்று அப்போது யோசிக்கவில்லை.

மறுநாள் காலை எங்கள் பால்காரம்மாவின் பசு அந்தக் குவியலில் வாய் வைத்துக்கொண்டிருந்தது. கடைவாயில் நாடா தொங்கியதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். விரட்ட வேண்டும் என்று தோன்றியது. முன்பக்கம் பீரோவை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி உடைந்துவிடப் போகிறதே என்று முன்பக்கம் போய்விட்டேன்.

பால்காரம்மாவுக்கு நகரியத்து வேலிக்கு அப்பால் உள்ள கிராமம். அவர்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனது. மேய்ச்சல் இடம், சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண் மேட்டின் அடியில் போனது. புருஷன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அதனால்தான் கறந்து ஊற்றிய பிறகு மாட்டை எங்கள் பிளாக் பக்கம் ஓட்டி வருவாள். இங்கே மரத்தடிகளில் புல் இருந்தது.

சில நாள் கழித்து, வடலூர் சாலையில் நாங்கள் குடிபோன புது வீட்டுக்கு அவள் வந்தாள். கையில் ஒரு பை. அதற்குள் கழுவிக் காயவைத்த நாடா, சடையாக முறுக்கிக் கிடந்தது.

"சார், இது பாட்டு நாடாங்களா?"

"இருக்கலாம். ஏம்மா?"

"மாடு செத்துப்போச்சு சார். வயிறு உப்பிகினு மூணு நாளா எழுந்திரிக்கல. மாட்டு டாக்டர் அறுத்துப் பாத்து இத்த எடுத்துக் குடுத்தாரு. உங்க வூட்டுப் பின்னாலதான் சார் மேஞ்சிகினு இருந்துச்சு."

"அந்த பிளாக்ல எத்தனை பேர் காலி பண்றாங்க? இது என் வீட்டுதுன்னு எப்படிச் சொல்ற?"

அவள் சொன்னாள்: "காசு கேக்க வரல சார். நான்தான் மாட்ட வுட்டுட்டு எவகிட்டயோ கத பேசிகினு இருந்து சாவடிச்சிட்டேன்னு எங்க வூட்டுக்காரரு ஊரெல்லாம் சொல்லிகினு இருக்காரு. எங்க வூட்ல வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க வார்த்தன்னா கேப்பாரு."

"தெரியாத விஷயத்துக்கு நான் எப்படிம்மா சாட்சி சொல்ல முடியும்? அதோட, நகரியத்துக்குள்ள மாட்டை ஓட்டிட்டு வரக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

அந்தக் கடைசிக் கேள்வியை நினைத்தால் இன்றும் எனக்கு வாய் கசக்கிறது. அவள் பையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே இருந்த மனைவி வெளியே வந்து, "அது என்னோட நாடா" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து என் கைப்பேசி பாடுகிற அறையில் அவள் உட்காருவதில்லை.

நான் விடாமல் பாட வைத்தேன். காலை நடையிலும் சட்டைப் பையில் பாடிக்கொண்டே வரும். கூட நடக்கிற பழைய சக ஊழியர் ஒருவர், என்னோடு பல ஷிப்ட் பார்த்தவர், ஒருநாள் கேட்டார்: "ஏம்ப்பா, உன் பாட்டு எந்த யூனிட்ல ஓடுது? ரெண்டாவதா, மூணாவதா? பாத்துப்பா, கொதிகலன் டிரிப் ஆகி கரண்ட் போச்சுன்னா பாட்டு நின்னுடப் போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஒரே பாட்டை நூறு தடவை கேட்டாலும் அது ஒவ்வொரு தடவையும் எங்கோ இருக்கிற கணினிக் கூடத்திலிருந்து வருகிறது. அங்கே ராப்பகலாக இயந்திரங்கள் சூடாகின்றன, அவற்றைக் குளிர வைக்கவும் மின்சாரம் வேண்டும். வழியில் கைப்பேசிக் கோபுரங்களுக்கும் மின்சாரம் வேண்டும். மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதா? நாங்கள் எரித்தது பாதி ஈரமான பழுப்பு நிலக்கரி. கறுப்பு நிலக்கரியைவிட அதிகம் எரிக்க வேண்டும், அதிகம் தோண்ட வேண்டும். புகைபோக்கிக்குக் கீழே ஆயுளைக் கழித்துவிட்டு, மின்சாரத்துக்குக் குப்பை இல்லை என்று மனைவிக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். குவார்ட்டர்ஸில் மின்விசிறியை நிறுத்தாமலே வெளியூர் போகிறவர்கள் நாங்கள். எங்களுக்கு மின்சாரம் என்பது சுவரிலிருந்து வருவது.

கேசட்டும் நல்லது என்று சொல்ல மாட்டேன். அது மட்காது, எரித்தால் விஷம், தின்றால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தாகிவிட்டது. எது அதிகம் கெடுதி என்று தீர்ப்புச் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. ஆனால் கேசட்டின் குப்பை என் கொல்லைக்குப் பின்னால் கிடந்தது, அதனால் எனக்கு அருவருப்பாக இருந்தது. கைப்பேசியின் குப்பை வேறு யாருடைய ஊரிலோ கிடக்கும் என்று நினைத்தேன். அந்த வேறு ஊர் இதுதான். பால்காரம்மாவின் நிலம் அதற்குள்தான் இருக்கிறது.

போன வருடம் அவள் வீட்டுக்குப் போனேன். புருஷன் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் கதவோரம் நின்றாள். நான் உட்காராமலே சொன்னேன்: "அன்னிக்கு உங்க மாடு தின்னது என் வீட்டு நாடா. தின்னும்போது பார்த்தேன், விரட்டல. உங்க சம்சாரம் வந்து கேட்டப்போ பொய் சொன்னேன். அவங்க மேல தப்பே இல்ல."

அவர் பதறிப்போனார். "அய்யோ, வுடுங்க சார். நீங்க பெரியவங்க, இதுக்காகப் போயி வரணுமா? நீங்க குப்பைய குப்பையிலதான போட்டீங்க? மாட்டப் பாத்துக்க வேண்டியது இவதான? அன்னிக்கே சொன்னேன்."

"நான் வேற ஒரு மாடு வாங்கித் தரேம்மா" என்று அவளிடம் சொன்னேன்.

"எங்க சார் மேய்க்கிறது? மண்ணு மேட்டுலியா?" என்றாள். "இந்த ஒரு வார்த்தைக்குத்தான் சார் அன்னிக்கு வந்தேன். அன்னிக்குச் சொல்லியிருந்தா ஊருல நாலு பேரு வாய் மூடியிருக்கும். இப்ப வந்து சொல்லி, உங்களுக்கு டீ போடுற வேலயும் என் தலையில வந்துச்சு."

"ஏய், சார்கிட்ட என்னா பேச்சு பேசற?" என்று புருஷன் அதட்டினார்.

டீ வந்தது. வேண்டாம் என்று சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை, குடித்தேன். பிறகு அவர் என்னை வண்டியில் ஏற்றிப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் அவள் கவனக்குறைவைப் பற்றியே பேசினார். பின்னால் உட்கார்ந்து, "தப்பு என்னுதுப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "நீங்க நல்ல மனசு சார்" என்றார்.

அதற்குப் பிறகும் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் நாற்காலி போட்டார். அவள் வெளியே வரவில்லை. மறுபடியும் கிளம்பியபோது என் மனைவி கேட்டாள்: "புருஷன்கிட்ட அவளுக்கு இன்னும் எவ்வளவு பேச்சு வாங்கித் தரப் போறீங்க?"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன்.