ஷிப்ட்டுக்குப் போனவனின் முகவரி

எட்டு வருடங்களாக நான் ஒரு பழைய பள்ளிக்கூட வேனில் குடியிருக்கிறேன். மஞ்சள் பெயின்ட் இன்னும் முழுதாகப் போகவில்லை. காலை நேரத்தில் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் குழந்தைகள் ஓடி வந்து கை காட்டுகிறார்கள். உள்ளே நரைத்த தாடியைப் பார்த்ததும் பின்வாங்குகிறார்கள். பத்திரிகைகளுக்கு நகைச்சுவை எழுதிப் பிழைக்கும் எனக்கு இதைவிட நேர்மையான விமர்சனம் கிடைத்ததில்லை.

பெங்களூரு வாடகை வீட்டைக் காலி செய்தபோது முகவரியையும் சேர்த்துக் காலி செய்கிறேன் என்பது உறைக்கவில்லை. டிரைவிங் லைசென்ஸ் முடிய ஒரு மாதம் இருக்கும்போதுதான் உறைத்தது. லைசென்ஸ் இல்லாவிட்டால் வண்டி ஓடாது. வண்டி ஓடாவிட்டால் என் வீடு எல்லோர் வீட்டையும் போல ஆகிவிடும்.

பிறந்த ஊர் ஆயிற்றே என்று தங்கவயலுக்கு வந்தேன். லைசென்ஸ் ஆபீசில் குமாஸ்தா கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"அட்ரஸ் இன்னா சார்?"

"வண்டியிலதான் இருக்கேன். வண்டி நம்பரைப் போட்டுக்கலாமா?"

"வண்டி எங்க நிக்குது?"

"இப்போ உங்க வாசல்ல."

"அப்போ இந்த ஆபீசுதான் உங்க வூடு. என்னையும் எங்க வூட்ல அப்படித்தான் சொல்றாங்க. போங்க சார், ஓட்டர் கார்டுல ஒரு அட்ரஸ் ஏத்திகினு வாங்க."

அதே தங்கவயலில், ஊரிகம் பகுதியில் அக்கா இருக்கிறாள். அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் கிடைத்த லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள். முதல் வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் தைலம் தேடுவார்கள். அந்த முகவரியைப் போட்டு மனு கொடுத்தேன். வாக்காளர் பட்டியல் வேலை பார்க்கும் பள்ளிக்கூட டீச்சர், இந்த வாரத்தில் ஒருநாள் நேரில் வந்து பார்ப்பேன் என்றார். அங்கே நான் 'வழக்கமாக வசிப்பவன்' என்று அவருக்குத் தோன்ற வேண்டும். நான் வழக்கமாகச் செய்வது ஒன்றே ஒன்றுதான்: கிளம்புவது.

காத்திருந்தேன். அசையாத வீட்டில் தூக்கம் வரவில்லை. மதியங்களில் மட்டும் கண் சொருகும். கட்டில் மெல்ல இறங்கத் தொடங்கும். அப்பாவைச் சுரங்கத்துக்குள் இறக்கிய இரும்புக் கூண்டைப் போல, இருட்டில், ஒவ்வொரு லெவலாக. எந்த லெவலில் நின்றாலும் ஈர வெளிச்சத்தில் ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்து, "எந்த வூடு?" என்று கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் கூண்டு மறுபடி இறங்கிவிடும்.

மூன்றாம் நாள் பொறுக்கவில்லை. கொஞ்சம் அசைந்தால் போதும் என்று, வண்டியை வாசலிலேயே விட்டுவிட்டு, ரயிலேறிப் பங்காருபேட்டைக்குப் போய், பிரியாணி தின்றுவிட்டுத் திரும்பினேன். சுரங்கத்திலிருந்து கொட்டிய வெள்ளைக் கழிவுமண் மேடுகள் ஜன்னலில் மேகம் போல மிதந்துகொண்டிருந்தன. எட்டு வருடத்தில் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை. கண் விழித்தபோது ஊரிகம் தாண்டி மாரிகுப்பத்தில் இருந்தேன். அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. இருந்திருந்தால் இன்னும் தூங்கியிருப்பேன்.

ஆட்டோ பிடித்து வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே டீச்சரின் குரல் கேட்டது.

"தம்பி எங்கக்கா?"

"ஷிப்ட்டுக்குப் போயிருக்கான்" என்றாள் அக்கா.

அவள் பொய் சொல்லவில்லை. எங்கள் லைனில் ஆண் வீட்டில் இல்லையென்றால் ஷிப்ட்டில் இருக்கிறான் என்று அர்த்தம். எண்ணெய் வாங்கப் போனவனும் ஷிப்ட்டுதான். வாய் தானாகச் சொல்லிவிடும்.

"எந்த ஷிப்ட்டுக்கா? மைன்ஸ் மூடி இருவது வருஷத்துக்கு மேல ஆவுது."

என் லைசென்ஸ் போயிற்று என்று நினைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

"இதோ வந்துட்டான்" என்றாள் அக்கா, கூண்டு என்னை இப்போதுதான் மேலே கொண்டுவந்து விட்டதுபோல.

டீச்சர் மடியில் படிவம். "நெஜத்த சொல்லுங்க சார். இங்கதான் இருக்கீங்களா?"

எழுத்தில் புளுகுவது என் தொழில். முகத்துக்கு நேராக வரவில்லை. "மாசத்துல ரெண்டு நாள் வருவேன் டீச்சர். மத்த நாளெல்லாம் ரோட்டுல."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "பத்திரிகைல எழுதறது பூரா புளுகு. இன்னிக்கு ஒருநாளு புளுகுனா இன்னாடா?"

டீச்சர் சிரிக்கவில்லை. அவர் கண் அலமாரிக்குப் போயிருந்தது. அங்கே ஒரு தட்டு, இன்னொரு தட்டால் மூடி வைக்கப்பட்டிருந்தது.

"அது யாருக்கு?"

"அவனுக்குத்தான்."

சுரங்கத்துக்குள் போனவனின் பங்கை, மற்றவர்கள் சாப்பிடும்போதே தட்டில் போட்டு மூடிவிடுவார்கள். அவன் மேலே வரும்வரை யாரும் தொடமாட்டார்கள். இந்த மூன்று நாளும் அப்படித்தான் எனக்கு எடுத்து வைத்தாள்.

"இவரு ரோட்டுல கீற நாள்ல?"

"தெனமும் வைப்பேன். வௌக்கு வைக்கிற வரைக்கும் பாப்பேன். வரலன்னா நானே துன்னுடுவேன். டாக்டரு திட்றாரு, சக்கர ஏறிப்போச்சுன்னு."

இது எனக்குத் தெரியாது. அப்படிப் பார்த்தால் எட்டு வருடமாக நான் இந்த வீட்டில் தினமும் மதியம் சாப்பிட்டு வந்திருக்கிறேன்.

டீச்சர் பேனா மூடியைக் கழற்றினார். "எங்கப்பாவுக்கும் எங்கம்மா இப்படித்தான் வைப்பாங்க. பூமிக்கு அடியில எங்க கீறாருன்னு தெரியாது. வூடு எதுன்னு மட்டும் யாரும் கேட்டதில்ல." பிறகு என்னைப் பார்த்து, "வெளிய போறவங்க எங்க திரும்பி வராங்கன்னுதான் நாங்க பாக்கணும். தட்டு உங்களுதுதான? உக்காந்து சாப்புடுங்க."

வயிற்றில் பங்காருபேட்டை பிரியாணி கழுத்துவரை நின்றது. தட்டைத் திறந்தேன். மலையாகச் சோறு, மேலே கருவாட்டுக் குழம்பு, உச்சியில் ஒரு முட்டை. முதல் கவளம் இறங்கியபோது டீச்சர் என் பெயரை எழுதினார். இரண்டாவதற்கு அப்பா பெயர். முட்டை பாதியில் தொண்டையில் நின்றபோது வீட்டு எண் வந்தது. கதவுக்கு வெளியே வெள்ளை மண் காற்றில் எழுந்து, எங்கே போவதென்று தெரியாமல் வாசலிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டாடா?" என்றாள் அக்கா.

டீச்சர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தட்டை நீட்டினேன்.