மணியடித்த பார்சல்

போன கிழமை ஒரு தேயிலைப் பக்கற்றின் வாயைக் கத்தரித்தேன். உள்ளே வெள்ளித்தாள். மகன் யாருக்கோ கொடுக்க வாங்கி, கொடுக்க மறந்து, கடைசியில் எங்கள் குசினிக்கு வந்து சேர்ந்த உயர்ந்த சாதித் தேயிலை. அடுப்பில் தண்ணீர் பாதியாக வற்றும்வரை அந்தத் தாளை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் எனக்கு அது தேநீரின் மணம் இல்லை. கலியாணப் பரிசுகளின் மணம்.

இதைக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்லவேண்டும். எழுபதுகளின் முற்பகுதி. வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம். நான் திருகோணமலை நகரத்தில் ஒரு பான்சிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கோப்பை, பூச்சாடி, முகம் பார்க்கும் கண்ணாடி என்று கலியாண வீடுகளுக்குக் கொண்டுபோகிற சாமான்களை விற்கிற கடை. பழைய இருப்பிலிருந்து சாமான் ஏதோ கொஞ்சம் இருந்தது. அதைச் சுற்றிக் கொடுக்கப் பூப்போட்ட தாள்தான் மருந்துக்கும் இல்லை.

ஆனால் எங்களுக்குத் துறைமுகம் இருந்தது. தேயிலைப் பெட்டிகள் அங்கேதான் கப்பலேறும். உடைந்துபோன பெட்டிகளின் உட்புறத்து வெள்ளித்தாளை முதலாளி எப்படியோ கட்டுக் கட்டாக வாங்கி வந்துவிடுவார். கசங்கிக் கிடக்கும் அதை மேசையில் விரித்து, கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து நிமிர்த்தினால் முகம் பார்க்கலாம். கொஞ்சம் கோணலான முகம்தான், என் முகத்துக்கு அது பாதகமில்லை. றிபனுக்குப் பதிலாக மீன்பிடிக்கிற நீல நைலோன் கயிறு. அதன் நுனியைப் பிரித்து என் சீப்பால் வாரிவிட்டால் பட்டுக் குஞ்சம் தோற்றுப்போகும்.

குச்சவெளியிலிருந்து வந்த ஒருவர் சின்னச் சீனிக் கோப்பை ஒன்றை வாங்கிவிட்டு, அதைத் தொப்பிப் பெட்டி அளவு பெட்டியில் வைத்துச் சுற்றித் தரச் சொன்னார். "பெட்டி பெரிசா இருந்தாத்தான், தங்கச்சி, சபையில மரியாதை" என்றார். வைக்கோல் திணித்துச் சுற்றிக் கொடுத்தேன். அவர் அதை ஏதோ வடக்கயிறு இழுப்பவர் மாதிரி மூச்சுவாங்கிக்கொண்டு தூக்கிப்போன காட்சி இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

முதலாளி கிண்ணியாக்காரர். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் காரம். நான் ஒரு பொதியின் மூலையை மடித்து, பிரித்து, மறுபடி மடிப்பதைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது.

"கிழிச்சி எறியிற கடதாசிக்கி என்னத்துக்குப் பிள்ள இவ்வளவு நேரம்? நாம சாமானத்தானே விக்கிறம்?"

நான் தலையைத் தூக்காமல் மூலையை மடித்து முடிப்பேன். ஐயாவுக்குக் கால் ஏலாமல் போய்ப் படுக்கையில் இருந்த நேரம் அது. வீட்டுக்கு என் சம்பளம்தான். முதலாளியோ என்னை நிரந்தரமாக எடுக்கவில்லை. "கலியாண மாசம் முடியட்டும், பாப்பம்" என்றுதான் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் கிண்ணியாவில் அவருடைய நெருங்கிய கூட்டாளியின் மகள் நயீமாவுக்குக் கலியாணம் வந்தது. கடையில் மிஞ்சியிருந்த ஒரே அலாரம் மணிக்கூட்டை முதலாளி பரிசாக எடுத்தார். "பாக்கிறவன் கண்ணெடுக்கக் கூடாது. அப்படிச் சுத்துங்க" என்றார். கடதாசியை மதித்து அவர் சொன்ன முதல் வார்த்தை.

அவருக்கு ஒரு பழக்கம். மணிக்கூட்டை அடித்துக் காட்டாமல் யாருக்கும் விற்கமாட்டார். பிறகு வந்து "அடிக்கேல்ல" என்று யாரும் சொல்லக் கூடாதாம். இது தானே கொடுக்கிற பரிசு, காட்ட ஆளும் இல்லை. ஆனாலும் கை சும்மா இருக்குமா? கலியாணத்தன்று காலை இரண்டு சாவியையும் இறுக முறுக்கி, அலாரத்தை ஒருமுறை அடிக்கவைத்து, அலாரம் முள்ளைத் திருகி நிறுத்தி, தன் கையாலேயே பெட்டிக்குள் வைத்து மூடினார். முள் எந்த நேரத்தில் நின்றது என்று அவர் பார்க்கவில்லை. நான் அந்த நேரம் வெள்ளித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுற்றி முடிந்ததும் முதலாளியும் அவர் மனைவி சபியா ராத்தாவும் என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. பாதை என்று சொல்கிற மிதவையில் ஏறித்தான் கடக்கவேண்டும். பொதி என் மடியில். வெயில் பட்டு அது மின்ன, எல்லாரும் திரும்பிப் பார்க்க, ஏதோ நானே மணமகள் என்கிற மிதப்பில் இருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"உள்ளுக்க உசிர் இரிக்கு போல. டிக்டிக்கெண்டு கேக்குது" என்று சிரித்தார். மிதவையே சிரித்தது.

கலியாண வீட்டில் ஆண்கள் முன்பந்தலில், நாங்கள் பெண்கள் உள்ளே. நடுவில் ஒரு திரை. நயீமா மருதாணிக் கையை மடியில் வைத்து, தலை குனிந்து, அழுகை விளிம்பில் இருந்தாள். பரிசுகள் பக்கத்து மேசையில். எங்கள் பக்கத்தில் எல்லாச் சனத்துக்கும் ஒரு முறை உண்டு: கொடுத்தவர் இருக்கும்போது பரிசைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் பெரிய அவமரியாதை.

மௌலவி பேசத் தொடங்குவதற்காகப் பந்தல் அடங்கியது. கைக்குழந்தைகூடச் சத்தம் போடவில்லை. அந்த அமைதியில்தான் அது அடித்தது.

கிர்ர்ர்ர் என்று மேசையே நடுங்கியது. பெண்கள் ஒவ்வொரு பொதியாக எடுத்துக் காதில் வைத்தார்கள். எனக்குத் தேடத் தேவை இருக்கவில்லை. என் வெள்ளிப்பொதி நீலக் குஞ்சம் ஆட ஆடத் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. வேலை போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. ஐயாவின் முகம் நினைவுக்கு வந்தது.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து முதலாளியின் குரல் மெல்லக் கேட்டது. "பிள்ள... அது எங்கட மணிக்கூடா?"

"ஓம் முதலாளி" என்றேன்.

"அப்ப நிப்பாட்டுங்களன்!"

எப்படி நிப்பாட்டுவது? பிரிக்கக் கூடாதே, கொடுத்தவர் திரைக்குப் பின்னால் நிற்கிறாரே. நயீமாவின் மாமி ஒருத்தி முறையாவது ஒன்றாவது என்று பொதியைத் தூக்கி, மூலையில் நகத்தை வைத்துவிட்டாள். அப்போது மருதாணிக் கை ஒன்று நீண்டு பொதியைப் பிடித்தது.

"உடுங்க மாமி, கிழிக்காதீங்க" என்றாள் நயீமா. "எவ்வளவு வடிவா இரிக்கு. அடிச்சி முடியட்டும்."

பொதியை மடியில் வைத்து, அழுகிற பிள்ளையைத் தேற்றுவதுபோல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். மணி அவள் மடியில் அடித்தது. அவளுடைய காதுத் தொங்கட்டானும் கூட நடுங்கியது. அவள் தோள் குலுங்கியபோது அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இறுகிக் கிடந்த முகம் அப்படியே அவிழ்ந்துவிட்டது. கிர்ர் குறைந்து, கிணுகிணுத்து, கடைசியாக ஒரு டிங் என்று நின்றது.

பந்தலிலிருந்து மௌலவியின் குரல் வந்தது. "நேரம் வந்துட்டுது போல. தொடங்குவமா?"

திரைக்கு இரண்டு பக்கமும் ஒரே சிரிப்பு. எனக்கு அன்றைக்கு வந்த நிம்மதி மூச்சைப் போல ஒரு மூச்சு பிறகு என் பிள்ளைப்பேற்றில்தான் வந்தது.

திரும்பி வருகையில் மிதவையில் முதலாளி என் பக்கம் வந்து நின்றார். பிறகு சொன்னார், "சாவி குடுத்தது நான்தான். இனி சாமானப் பெட்டியில வைக்கிறதும் நீங்களே பாருங்க."

"அப்ப நான் வேலைக்கு வரலாமா முதலாளி?"

"வராம? வேற ஆருக்கு அந்தக் கரண்டி புடிக்கத் தெரியும்?"

சில மாதங்கள் கழித்து நயீமா கடைக்கு வந்தாள். கலியாணத்தன்று பின்னேரம் தாளைக் கிழிக்காமலே பிரித்து, தையல் பெட்டிக்குள் விரித்து வைத்தாளாம். "மணம் இருக்கும்வரைக்கும் வெச்சிருந்தன். போனதும் எறிஞ்சிட்டன்" என்றாள். எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்தது.

பிறகு வந்த யுத்த ஆண்டுகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். சோதனைச் சாவடிகளில் ஒவ்வொரு பொதியையும் பிரித்துக் காட்டவேண்டி வந்தது. சனம் சுற்றுவதையே விட்டது. பரிசுகள் பைக்குள் அம்மணமாகப் போயின. மணிக்கூடு பரிசளிக்க யாருக்கும் துணிவு வரவில்லை. டிக்டிக் என்றால் பஸ்சே காலியாகிவிடும். கடையும் போனது, முதலாளியும் போனார்.

இப்போது பாலம் வந்துவிட்டது. நேற்றுக் கிண்ணியா பஸ்சில் எனக்கு முன்னால் ஒரு பெண் மினுங்கல் தாள் சுற்றிய பெட்டியோடு இருந்தாள். பாலத்தின் நடுவில் அதற்குள்ளிருந்து ஏதோ விளையாட்டுச் சாமான் கிணுகிணு என்று அடித்தது. என் கை தானாக முன்கம்பியைப் பிடித்துக்கொண்டது. சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் எழும்பவில்லை, ஒருவரும் இறங்க ஓடவில்லை. அப்பாடா என்று கையை எடுத்தேன். பிறகுதான் கவனித்தேன், காதை வைத்துக் கேட்கவும் ஒருவரும் குனியவில்லை. நான் குனிந்தேன்.