கடல் தொட்டியில் ஆடை

தண்ணீர் எதில் இருந்தாலும் என் அத்தை அதை நேராகப் பார்க்கமாட்டார். வாளியானாலும் டம்ளரானாலும் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, தண்ணீரின் மேல்பரப்பை ஓரமாகப் பார்ப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். "உன் அத்தை தண்ணிகிட்ட ஏதோ ரகசியம் கேக்கறா" என்பார் அப்பா.

அத்தையின் வேலை கடல் தொட்டிகளைப் பராமரிப்பது. உப்புத் தண்ணீர், பவளம், மீன் எல்லாம் சேர்ந்து ஒரு துண்டுக் கடல் மாதிரி இருக்கும் தொட்டிகள். ஊருக்குள் வசதியான வீடுகளிலும் சில அலுவலகங்களிலும் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் அவரை மீன்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். "மீனைப் பாத்துக்க மீனுக்குத் தெரியும். நான் தண்ணிக்காரம்மா" என்பார்.

எல்லாத் தொட்டிகளிலும் அவருக்குச் செல்லம், பல் டாக்டரின் கிளினிக்கில் காத்திருக்கும் கூடத்துத் தொட்டி. அதில் நகம் அளவு துண்டாக அவர் ஒட்டிவைத்த பச்சைப் பவளம் ஒன்று, இப்போது விரித்த கை அளவுக்கு வளர்ந்திருக்கிறது. பல்லைப் பிடுங்க வந்த குழந்தைகள் அதன் முன்னால் நின்றால் அழுகையை மறந்துவிடும்.

அந்தத் தொட்டியில்தான் ஆடை விழுந்தது. காய்ச்சிய பாலில் படிகிற ஆடை போல, தண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம். பார்க்க அசிங்கம் என்பதோடு போகாது. காற்று உள்ளே இறங்காது, விளக்கு வெளிச்சம் மங்கும், பவளம் சுருங்கும். பச்சைப் பவளம் ஏற்கெனவே கையை மூடத் தொடங்கியிருந்தது.

தொட்டியின் ஒரு மூலையில் சீப்பு மாதிரிப் பல் வைத்த தடுப்பு உண்டு. மேல்தண்ணீர் அதன் வழியாக வழிந்து கீழ்த்தொட்டிக்குப் போகும்போது ஆடையையும் இழுத்துக்கொண்டு போகும். அத்தை அந்தப் பற்களை பிரஷ் போட்டுத் தேய்த்தார். "பல் ஆஸ்பத்திரியில பல்லு விளக்கற ரெண்டாவது ஆள் நான்தான்" என்று சிரித்தார். பம்பின் வாயை மேலே திருப்பித் தண்ணீரை அலையவிட்டார். எண்ணெய்ப்பசை உள்ள தீனியை நிறுத்தினார். ஆடை போகவில்லை.

டாக்டர் பொறுமைசாலிதான். ஆனாலும் சொல்லிவிட்டார்: "அடுத்த தடவை நீங்க வரும்போதும் இப்படியே இருந்தா எடுத்துடலாம்மா. அந்த இடத்துல ஒரு டிவி மாட்டிக்கறேன்."

எடுத்தால் அந்தப் பவளத்தை எங்கே வைப்பது? எங்கள் வீட்டில் ஆள் படுக்கவே இடம் போதாது.

அத்தையின் சந்தேகம் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்மேல் விழுந்தது. மருந்து வாசனை போக அவள் வாசனை ஸ்ப்ரே அடிப்பதுண்டு. அது தண்ணீரில் இறங்கினால் ஆடை கட்டும். அத்தை முன்பே ஒருமுறை சொல்லியிருந்தார். இந்த முறை கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போதே கேட்டுவிட்டார்.

"எத்தனை தடவை சொல்றது உனக்கு? அடிக்காதேன்னா அடிக்காதே!"

"நீங்க சொன்னதுல இருந்து அதைத் தொடவே இல்லக்கா."

"அப்போ தொட்டி தானா தலைக்கு எண்ணெய் வச்சுக்கிச்சா?"

கன்னம் வீங்கிய ஒருவர் சிரிக்கப்போய், வலியில் தாடையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"தண்ணிக்கு ஆடை கட்டிவிட்டது நான் இல்லக்கா. நீங்க வந்துட்டுப் போற அன்னைக்குத்தான் அது கெட்டியா இருக்கு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறையுது. வேணும்னா பாருங்க."

"வாய் ரொம்ப நீளுது" என்று சொல்லிவிட்டு அத்தை வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் வழக்கம்போல மணிக்கட்டிலும் முன்கையிலும் வலித் தைலம் தேய்த்துக்கொண்டார். உப்புத் தண்ணீர் வாளிகளைத் தூக்கித் தூக்கி அந்த வலி அவருக்கு நிரந்தரமாகிவிட்டது. வேலைக்குக் கிளம்பும்போது ஒருமுறை, திரும்பியதும் ஒருமுறை. தேய்த்த கையோடு வாளியில் உப்பைக் கலக்கக் கையை விட்டவர் அப்படியே நின்றார்.

"இங்க வா. என்ன தெரியுது?"

எட்டிப் பார்த்தேன். தண்ணீரின் மேல் நிறம் நிறமாக ஏதோ நெளிந்தது.

"வானவில் மாதிரி இருக்கு அத்தை."

"வானவில் இல்ல. நான்தான்."

மறுநாள் காலையில் கிளினிக் திறந்ததும் போனார். நானும் வாளியோடு கூடப் போனேன். தோள்பட்டை வரை வரும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டார். டிஷ்யூ பேப்பரைத் தண்ணீரின் மேல் விரித்து, ஆடை ஒட்டியதும் மெல்லத் தூக்கினார். ஒவ்வொன்றும் பளபளப்போடு வந்தது. கொஞ்சம் தண்ணீரை மாற்றினார், கீழ்த்தொட்டியில் எண்ணெயை உறிஞ்சும் கரிப் பை போட்டார். டாக்டரிடம், "தப்பு என் கைமேலதான் சார், அந்தப் பொண்ணுமேல இல்ல" என்று மறைக்காமல் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டு, "டிவி இப்போதைக்கு வேண்டாம்" என்றார். அந்தப் பெண் அப்போது இன்னும் வந்திருக்கவில்லை.

அடுத்த முறை போனபோது தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. பவளம் கையை முழுதாக விரித்திருந்தது.

ஆனால் வரவேற்பு மேசைப் பக்கம் மட்டும் ஆடை விலகவில்லை. அத்தை அவள் நாற்காலியின் ஆட்டத்தைச் சரிசெய்து கொடுத்தார். மழையில் நின்றவளுக்குத் தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வந்தார். மறுமுறை அவள் குடையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"குடை எல்லாம் வேண்டாம்க்கா. டாக்டர்கிட்ட சொன்னீங்களாம், சந்தோஷம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. ஊரைக் கூட்டியெல்லாம் வேண்டாம், எனக்குக் கேட்டா போதும்."

அத்தை வாயைத் திறந்தார். "பம்பு சத்தம் கொஞ்சம் கூடுதலா இருக்கு, பாக்கறேன்" என்றார்.

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. சண்டை போட்டால் மறுநாள் "சாப்பிட்டியா?" என்று கேட்போம். அதுதான் எங்கள் மன்னிப்பு. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். மன்னிப்பு என்ற சொல்லைத் தேர்வில் எழுதியிருக்கிறேன், கல்லூரிக்குத் தாமதமாகப் போன நாட்களில் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். வீட்டில் சொன்னதில்லை. தவற்றை ஒப்புக்கொள்வதும் மன்னிப்புக் கேட்பதும் ஒன்றுதானே என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அத்தை முதலாவதைச் செய்துவிட்டார். இரண்டாவதற்கு அவரிடம் சொல் இல்லையா, தைரியம் இல்லையா, எனக்கே தெரியவில்லை.

போன வாரம் அத்தை அவள் மேசைக்கு முன்னால் போய் நின்றார். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தாம்மா, அன்னைக்கு..."

"சொல்லுங்கக்கா."

"அன்னைக்கு... உன் ஃபேன்ல எவ்வளவு தூசி பாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாதி தூரம் வந்துட்டீங்க. பாக்கியை அடுத்த தடவை வாங்கிக்கறேன்."

அத்தை ஃபேனைத் துடைத்துவிட்டு வந்தார். பாக்கி அப்படியே இருக்கிறது.