வெரோனிகாவின் வெறுங்கூடை

காலையில் கிரிகரி முன்னால் போவார். பத்தடி பின்னால் அவர் மனைவி வெரோனிகா போவாள், கையில் ரோத்தான் பிரம்புக் கூடையோடு. எதிரே யார் வந்தாலும் அந்தக் கூடையைச் சற்றுத் தூக்கிக் காட்டி, “பாசாருக்கு” என்பாள். கேட்டவர்களுக்கும் சொல்வாள், கேட்காதவர்களுக்கும் சொல்வாள். திரும்பி வரும்போது கூடையில் ஒரு கட்டுக் கீரைகூட இருக்காது.

எதிர்வீட்டுத் தங்கமணிக்கு வாய் சும்மா இருக்குமா? “என்னக்கா, தெனமும் பாசாரைப் பாத்துட்டுத்தான் வரீங்க. மீன்காரன் அவ்ளோ அழகா?”

“வெல ஏறிப்போச்சுடி” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வாள் வெரோனிகா.

கூடை அவளுக்கு, நடை அவருக்கு. கிரிகரி ரயிலில் கார்டு வேலை பார்த்தவர். அவர் பச்சைக் கொடியை அசைத்தால்தான் கிள்ளானுக்குப் போகிற வண்டி பிரிக்பீல்ட்ஸைத் தாண்டும். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பார், கணீரென்ற குரல். ஒரு ஞாயிறு, வாசித்த பத்தியையே மறுபடி வாசித்தார். முடித்துவிட்டு அதையே மூன்றாம் தடவையும் தொடங்கினார். கோயிலில் ஓர் இருமல் சத்தம் கிடையாது. வெரோனிகா முக்காட்டை மூக்குவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னாள். “இது மறதி நோய்ம்மா, ஆரம்பம்தான். கொணமாகிடும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா தெனமும் வேர்க்க வேர்க்க நடக்க வைங்க. ஒடம்பு அசைஞ்சா மூளைக்கும் நல்லது, ராத்திரி தூக்கம் வரும், இருக்கிற தெளிவு கொஞ்ச நாள் நிக்கலாம். தனியா விடாதீங்க. பக்கத்துல நடந்து பேச்சுக் கொடுங்க. அக்கம்பக்கத்துல சொல்லி வைங்க.”

வெரோனிகா பாதியைத்தான் காதில் வாங்கினாள். நடக்க வைத்தாள். சொல்லி வைப்பதாவது! மூளை என்று வாயைத் திறந்தால் போதும், ‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு எப்ப அனுப்பப் போறீங்க’ என்று பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கே வழி சொல்லுகிற சனம் இது. பக்கத்தில் நடந்தாலோ, என்றைக்கும் இல்லாமல் இன்றைக்கு என்ன என்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து தெருவில் அவரோடு சரிக்குச் சரியாக அவள் நடந்ததில்லை. ஆகையால் ஒரு பொய் சொன்னாள். “அவருக்கு இனிப்பு நீர். டாக்டர் நடக்கச் சொல்லிட்டாரு.” இனிப்பு நீர் இல்லாத வீடு எது? அது மானத்துக்குப் பங்கம் இல்லாத வியாதி.

பொய்யை வளர்த்தால் அதற்குச் சோறும் போட வேண்டும். ஒரு ஞானஸ்நான விருந்தில் கிரிகரி லட்டை வாய்க்குக் கொண்டுபோக, பந்தி பரிமாறிய பெண் ஓடி வந்து பிடுங்கிக்கொண்டாள். “அங்கிள், ஒங்களுக்கு ஆகாதுலா!” அவர் தம் வெறும் விரல்களைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். ஆமாம், ஆகாது என்று அவளும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு கரண்டி சீனியை எடுத்து அவர் வாயில் போட்டாள். எதற்கென்று அவருக்கு ஞாபகமில்லை.

போன மாதம் ஒரு நாள் தங்கமணியும் கூடையோடு வந்து ஒட்டிக்கொண்டாள். “வாங்கக்கா, சேந்தே போவோம்.” பாசார் வாசலில் கிரிகரி திரும்பாமல் நேரே போனார். பாசாருக்கு என்று சொன்ன வாய் ஆயிற்றே, வெரோனிகா என்ன செய்வாள்? உள்ளே போனாள். மீனைப் புரட்டினாள், ஒன்றும் கண்ணில் படவில்லை. வெளியே ஓடி வந்தபோது தெருவில் அவர் இல்லை.

கோயிலுக்குப் போய்ப் பார்த்தாள், ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தாள், வீட்டுக்கு வந்து மறுபடி ஓடினாள். வழியில் கண்டவர்களிடம் சிரித்தாள், கூடையைத் தூக்கிக் காட்டினாள். காணோம் என்ற ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு பேப்பர் கடை வாசுதான் தானாகக் கூப்பிட்டான். மூன்று பிள்ளைக்குத் தகப்பன், விளையாட்டுப் பேச்சுக்காரன்.

“ஆன்டி, அங்கிள் பெரிய ஆக்டர்லா! காலையில இங்க நின்னு, ‘தம்பி, வீடு எந்தப் பக்கம்?’னு கேட்டாரு. நடக்கச் சோம்பல், நடிக்கிறாருன்னு நெனச்சேன். ‘வீடெல்லாம் அப்புறம், பாடாங்கைச் சுத்தி இன்னும் ரெண்டு ரவுண்டு போங்க, இனிப்பு எறங்கும்’னு வெரட்டி விட்டேன்.”

பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் பாடாங் திடலுக்கு அவள் ஓடினாள்.

கிரிகரி சுற்றிக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு கால் சப்பாத்தைக் காணோம், காலுறையில் ரத்தம். “ஏங்க, நில்லுங்க!” என்று கத்தினாள். நிற்கவில்லை. குறுக்கே போய் மறித்த பிறகுதான் நின்றார்.

“ரெண்டு ரவுண்டு போகச் சொன்னாங்க, வெரோ. முடிஞ்சிருச்சான்னு தெரியல. நீ பாத்தியா?”

வெரோனிகா புல்லில் உட்கார்ந்துவிட்டாள். கூடை உருண்டு போனது. அவர்தான் நொண்டிக்கொண்டே போய் எடுத்து வந்து கொடுத்தார்.

கால் ஆறும்வரை நடை இல்லை. ஆறின மறுநாள் கிளம்பினார்கள். தங்கமணி கதவிடுக்கில் தலையை நீட்டினாள். “பாசாராக்கா?”

“இல்லடி.”

பேப்பர் கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். வெரோனிகாவுக்கு முகம் எரிந்தது. அடுக்கியிருந்த பத்திரிகைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “வாசு, அங்கிளுக்கு இனிப்பு நீர் இல்லப்பா. நான் சொன்னது பொய். அவருக்கு மறதி, மூளையில. இனிமே வழி கேட்டாருன்னா நெசமாத்தான் கேக்குறாரு. வீட்டுல கொண்டாந்து விட்டுரு.”

நின்றிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வாசு கையிலிருந்த பேப்பரைக் கீழே வைத்தான். “முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா, ஆன்டி.”

“சொல்லியிருக்கணும்.”

கிரிகரி வழக்கம்போல முன்னால் போனவர், நாலடி தள்ளி நின்று திரும்பிப் பார்த்தார். அவள் எட்டு வைத்துப் போய் அவர் பக்கத்தில் நின்றாள். அத்தனை கண்ணுக்கு முன்னால் கையைப் பிடிக்க அவளுக்கு இன்னும் வரவில்லை. ரோத்தான் கூடைக்கு இரண்டு கைப்பிடி. ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு, மற்றதை அவர் பக்கம் நீட்டினாள்.